கோட்டுக்குக் கீழே

முடிச்சூர்,
14 ஜனவரி 2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜெரோமுக்கு, அக்கா ஷீலா எழுதுவது.

என் முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சௌக்கியம். உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டுத் திரிவாய் என்று எனக்குத் தெரியும். இங்கே திருந்தாதவன் ஆப்பிரிக்காவில் மலாவிவரை போயா திருந்தப் போகிறாய்?

போன ஞாயிறு சபையில் அறுப்பின் பண்டிகை. ஏலத்தில் ஒரு பூசணிக்காய் பதினோராயிரத்துக்குப் போனது. எடுத்தவர் நம் செயலர் கதிரேசன் சார். காயை வீட்டுக்குக் கொண்டுபோனாரா என்று தெரியாது, கையை உயர்த்தியதை மட்டும் எல்லோரும் பார்த்தோம். போகட்டும், ஏலப் பணம் முழுக்க நீ அங்கே நடத்தும் விடுதிக்குத்தான். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நாலு மாதச் சாப்பாடு ஆகும் என்கிறார்கள்.

இன்னொரு சேதி. கைப்பிடி அரிசிக்கு இந்த வருஷம் புதுப் பை தைத்திருக்கிறோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுவந்து, விற்ற பணத்தை ஊழியத்துக்குக் கொடுப்பது நம் பெண்களுக்குப் பழக்கம்தானே. அந்தப் பையில் உன் விடுதிப் பிள்ளை, நம் சிசோமோவின் படத்தை அச்சடித்திருக்கிறோம். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சிரிக்கிறானே, அந்தப் படம். "சிரிக்கிற பிள்ளைக்குத்தான் அரிசி நிறைய விழும்" என்று நம் பெண்கள் சங்கத்து மெட்டில்டா தேர்ந்தெடுத்தாள். இப்போது நூற்றிருபது அடுப்படியில் அவன் தொங்குகிறான். என்னைச் சபையில் சிசோமோ அம்மா என்றே கூப்பிடுகிறார்கள். பத்தொன்பது வயதில் தாய் இல்லாத பிள்ளை அவன், அறுபத்தோரு வயதில் பிள்ளை இல்லாதவள் நான். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. விடுமுறைக்கு வந்துபோகிற உங்கள் ஊழியர் கையில் அவனுக்கும் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

கடிதத்தை எப்போதும்போல எழுது. நடுவில் ஒரு கோடு. மேலே உள்ளது முதல் ஞாயிறு சபையில் வாசிக்க, கீழே உள்ளது எனக்கு மட்டும். சனிக்கிழமை டவுனுக்குப் போகும்போது படம் பிடித்து அனுப்பு. மெட்டில்டா பிரிண்ட் போட்டுத் தருவாள்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
சிசோமோ அம்மா ஷீலா



மங்கோச்சி அருகே, மலாவி,
10 பிப்ரவரி 2024

இயேசுவின் நாமத்தில் அன்புள்ள அக்காவுக்கும் முடிச்சூர் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்திற்காகத் தினமும் காலையில் ஜெபிக்கிறோம். பன்னிரண்டு பேரும் தொழில் நன்றாகக் கற்கிறார்கள். நாலு பேர் தையல், எட்டு பேர் வெல்டிங். போன வாரம் கிளினிக்கின் தண்ணீர்ப் பம்பு உடைந்தபோது சிசோமோ போய்ச் சரிசெய்தான். நர்ஸ் கொடுத்த கூலியில் எல்லோருக்கும் மீன் வாங்கிவந்தான். மழை மட்டும் இன்னும் சரியாகப் பெய்யவில்லை. அதற்காக ஜெபியுங்கள்.

————————

அக்கா, மழை பெய்யவில்லை என்றால் மக்காச்சோளம் கருகிவிட்டது என்று அர்த்தம். மாவு விலை இரண்டு மடங்காகிவிட்டது. ஏலப் பணம் இன்னும் வந்து சேரவில்லை, டிசம்பர் பணமும் வரவில்லை. கொஞ்சம் விசாரித்துச் சொல்.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் வேலை என்று ஆள் பிடிக்கிறவர்கள் லாரியோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். பசிக்கிற வருஷத்தில்தான் வருவார்கள். வெல்டிங் தெரிந்த பையன்கள் என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். நான் இரவில் வாசலில் படுக்கிறேன்.

பை வந்தது. அவனுக்கு ஒரே பெருமை. பைபிளையும் சில்லறையையும் அதில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறான். கீழே அவனே எழுதுகிறான். கற்றுக்கொள்ள மூன்று நாள் ஆனது.

அம்மா



முடிச்சூர்,
10 மார்ச் 2024

பிரியமுள்ள தம்பிக்கு, நலமா? எனக்கு இங்கே ரத்தக் கொதிப்புதான் ஏறுகிறது, காரணம் சொல்கிறேன்.

உன் கடிதம் வாசித்ததும் சபையே பம்புக்குக் கைதட்டியது. 'அம்மா' என்ற எழுத்தை வெட்டி எடுத்து ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறேன். அந்த 'ம்' ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

————————

இது உனக்கு மட்டும். பணம் ஏன் வரவில்லை என்று கமிட்டியில் கேட்டேன். புது ஹாலுக்கு ஏசி போடுகிறார்களாம். காண்டிராக்டர் முன்பணம் கேட்டார், மிஷனரிப் பணம் சும்மாதானே இருக்கிறது என்று அதை எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். "மே மாசத்துக்குள்ள திருப்பிப் போட்டுடலாம் சிஸ்டர், எங்கயும் ஓடிப் போகாது" என்கிறார் கதிரேசன் சார். பணம் ஓடாது, பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்றேன். தாம்பரம் ஸ்டேஷனில் முப்பது வருஷம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். ஓட்டை வழியாகப் பார்த்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று சொல்வேன். இவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை, அதுதான் எனக்குப் பயம்.

என் பென்ஷனிலிருந்து முடிந்ததை அனுப்பியிருக்கிறேன். எதிர்வீட்டு அஞ்சம்மாள் தெரியுமல்லவா, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். அவளும் ஒரு பை வாங்கி மாட்டியிருக்கிறாள். "எந்த சாமி பேர சொல்லித் துன்னா இன்னாக்கா, அந்தப் புள்ளைக்கி வவுறு ரொம்புனா செரி" என்கிறாள்.

சிசோமோவைப் பிடித்து வை. மே மாதம் பணம் வந்துவிடும் என்று அம்மா சொன்னதாகச் சொல்.

அன்புடன் அக்கா



மங்கோச்சி அருகே,
30 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கும் சபையாருக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம், உங்கள் சுகமும் அதுபோலிருக்க வேண்டுதல்.

பிள்ளைகள் ஈஸ்டருக்குப் பாடப் பயிற்சி செய்கிறார்கள். தேவன் நடத்துகிறார்.

————————

அக்கா, இரண்டு பேர் வியாழக்கிழமை போய்விட்டார்கள். விடியும்போது பாய் காலியாக இருந்தது. இனி பத்துப் பேர். மாவு ஒன்பது நாளைக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று ஆக்கியிருக்கிறேன். உன் பணத்தில்தான் இதுவும்.

நேற்று சிசோமோ என்னிடம் நேராகவே கேட்டான். "பாஸ்டர், நான் போனால் ஒரு வாய் குறையும், சம்பளம் வந்தால் மற்றவர்களுக்கும் அனுப்பலாம். போகட்டுமா?" என்றான். அம்மா மே மாதம் என்று சொல்லியிருக்கிறாள், பொறு என்றேன். "மே நிச்சயமா என்று அம்மாவைக் கேளுங்கள்" என்றான். அவனுக்காகவே கேட்கிறேன். நிச்சயமா? ஏதாவது செய் அக்கா. அடுத்த சனிக்கிழமை டவுனுக்கு வந்து உன் பதிலைப் பார்க்கிறேன்.

அம்மா



முடிச்சூர்,
19 மே 2024

தம்பி ஜெரோமுக்கு, தாமதத்தை மன்னித்துக்கொள். ஏழு வாரம் ஆகிவிட்டது. உன் வயிறு, பிள்ளைகள், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

வெறும் கையை வைத்துக்கொண்டு உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு கமிட்டிக்கும் போனேன், ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் என்றார்கள். நல்ல சேதியோடு எழுதலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். இன்று நல்ல சேதி.

காலையில் ஆராதனையில் மைக்கைப் பிடித்து, உன் மார்ச் கடிதத்தைக் கோட்டுக்குக் கீழே உள்ளதையும் சேர்த்து வாசித்துவிட்டேன். நீ கோபிப்பாய். "ஒரு வாய் குறையும்" என்ற இடத்தில் காகிதத்தை மெட்டில்டாவிடம் நீட்டிவிட்டேன். மீதியை அவள் வாசித்தாள். ஆயர் இரண்டாவது காணிக்கை எடுத்தார். வளையலைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. கதிரேசன் சார் தன் கையிலிருந்து ஏசிப் பணம் மொத்தத்தையும் எழுதிக் கொடுத்தார். நாளைக்கே அனுப்புகிறோம். ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. சிசோமோவுக்கென்றே ஒரு வெல்டிங் மெஷின் வாங்கச் சொல்லித் தனியாகவும் பணம் இருக்கிறது.

மே நிச்சயம் என்று அவனிடம் சொல்லிவிடு. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

சிசோமோ அம்மா ஷீலா



மங்கோச்சி அருகே,
29 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கும் முடிச்சூர் சபையாருக்கும் ஸ்தோத்திரம். அனைவரின் சுகத்திற்கும் ஜெபிக்கிறேன்.

பணம் கிடைத்தது. ஒரு வருஷத்துக்கு மாவு வாங்கி அடுக்கிவிட்டோம். பிள்ளைகள் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். வெல்டிங் மெஷினும் வந்துவிட்டது. உங்கள் ஒவ்வொருவரின் கையையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
ஊழியத்தில் உங்கள் சகோதரன் ஜெரோம்



முடிச்சூர்,
14 ஜூலை 2024

பிரியமான தம்பிக்கு, உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இந்தத் தடவை கோடு எங்கே? ஊழியத்தில் சகோதரனாம். நான் உனக்கு எப்போதிலிருந்து சபையார் ஆனேன்? கீழே உள்ளதை வாசித்ததற்குக் கோபம் என்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். அவனுடைய 'அம்மா'வும் இல்லை. மெஷின் வந்ததும் என்னை மறந்துவிட்டானா? காது இரண்டையும் திருகினேன் என்று சொல்.

கதிரேசன் சார் அவனுக்குக் கிறிஸ்துமஸுக்குத் தோல் செருப்பு வாங்கித் தருகிறாராம். இப்போதே அனுப்பினால்தான் வந்து சேரும். அவன் காலைக் காகிதத்தில் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து, நீளம் எத்தனை அங்குலம் என்றும் எழுதி அனுப்பு. அம்மா போன பிறகு உனக்கும் அப்படித்தானே வாங்குவேன். ஸ்கூல் நோட்டில் நிற்கவைத்தால் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வாய். உன் கோணல் சுண்டுவிரலைச் சுற்றி வருவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிடும்.

வீடியோவில் அவன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சபையில் கேட்கிறார்கள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை டவுனுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன் அக்கா



மங்கோச்சி அருகே,
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். சுகம், சுகமாயிருங்கள்.

கால் அளவு இதனுடன் இருக்கிறது. இங்கே வேலை அதிகம். வீடியோ பிறகு பார்க்கலாம்.

ஜெரோம்



முடிச்சூர்,
1 செப்டம்பர் 2024

ஜெரோமுக்கு,

உடம்பைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. நீ சொல்லப் போவதில்லை.

மெட்டில்டா கால் அளவைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். "பரவாயில்லையே அக்கா, பையனுக்குப் பெரிய காலா இருக்கு" என்றாள். நான் வாங்கி மேஜைமேல் வைத்தேன். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். ஆறாம் வகுப்பில் சைக்கிள் சக்கரத்தில் மாட்டி வளைந்த சுண்டுவிரல், மற்ற நாலு பேரிடமும் கோபித்துக்கொண்டு தனியாக நிற்கிறது. எட்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை அந்தக் காலை நான் வரைந்திருக்கிறேன். அது உன் கால்.

மெட்டில்டாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைச் செருப்புக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று முதல் ஞாயிறு, வாசிக்க வேண்டிய நாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

சிசோமோ எங்கே? எங்கேயோ வேலைக்குப் போயிருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்றால் அதை எழுது. வேறு என்றால் அதையும் எழுது.

கோடு நான் போட்டுத் தருகிறேன். கீழே எழுது.

————————



மங்கோச்சி அருகே,
14 செப்டம்பர் 2024

அக்கா,

ஏப்ரல் மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனும் என்னோடு டவுனுக்கு வந்தான். மாவைக் கடன் வாங்கி ஓட்டிய நாலு சனிக்கிழமை. என் போனை வாங்கி அவனே பார்ப்பான். தமிழ் தெரியாதே தவிர, உன் கையெழுத்து அவனுக்கு அடையாளம் தெரியும். இருபத்தேழாம் தேதியும் ஒன்றும் வரவில்லை. திரும்பி வரும்போது, "அம்மாவிடம் இல்லை போலிருக்கிறது, கேட்டு அவளைக் கஷ்டப்படுத்திவிட்டோம்" என்றான். மறுநாள் இரவு போய்விட்டான்.

பூட்டிய லாரி. மொசாம்பிக் எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நின்றுபோயிருக்கிறது. உள்ளே காற்றில்லை. முப்பது பேரில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அவன் கழுத்தில் உன் அரிசிப் பை இருந்தது. பைபிளுக்குள் என் நம்பர் எழுதியிருந்தான். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை அக்கா, பையில் இருந்த படத்தைக் காட்டித்தான் கேட்டார்கள். இவன்தான் என்றேன். மே பதினெட்டு சனிக்கிழமை கொண்டுவந்து, விடுதிக்குப் பின்னால் மாமரத்தடியில் அடக்கம் செய்தோம். அடுத்த சனிக்கிழமை டவுனுக்குப் போனபோது உன் கடிதம் இருந்தது. மே நிச்சயம் என்று எழுதியிருந்தாய்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஒன்பது பேர் இங்கே இருக்கிறார்கள். அவன் பேரில் வந்த பணத்தில்தான் மூன்று வேளை சாப்பிடுகிறார்கள். சொன்னால் பணம் நின்றுவிடும் என்று பயந்தேன். உன்னிடம் மட்டும் சொன்னால், தெரிந்துகொண்டே நீ மைக்கில் நின்று பொய் வாசிக்க வேண்டியிருக்கும். அதற்கும் மனம் வரவில்லை. 'அம்மா' என்று மட்டும் எழுத என் கை போகவில்லை.

கால் அளவுக்கு வேறு பையனை நிற்கவைத்திருக்கலாம். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? என் காலையே வைத்து வரைந்தேன். நீ கண்டுபிடிக்கட்டும் என்றுதான் செய்தேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. பிள்ளைகள் எதிரில் உதட்டை அசைக்கிறேன்.

தம்பி ஜெரோம்



முடிச்சூர்,
6 அக்டோபர் 2024

தம்பிக்கு,

இன்று கோடு போடவில்லை. எழுதுவதெல்லாம் கீழே உள்ளதுதான்.

மார்ச் முப்பதாம் தேதி அவன் கேட்டான். மே பத்தொன்பதாம் தேதி நான் பதில் எழுதினேன். 'பொறு' என்று ஒரு வார்த்தை எழுதிப் படம் பிடித்து அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம் போதும். பணத்தோடு எழுதினால்தான் மரியாதை என்று இருந்துவிட்டேன். ஏசிக்காரரையும் கமிட்டியையும் எவ்வளவு திட்டினாலும், கடைசியில் அந்த நாலு சனிக்கிழமையில்தான் வந்து நிற்கிறேன். நீ என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

முதலில் அஞ்சம்மாளிடம்தான் சொன்னேன். ஆணியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ இந்த அரிசிய இன்னாக்கா பண்றது?" என்றாள். இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்றேன். "அதுங்களும் கொயந்தைங்கதான" என்று சொல்லித் திரும்ப மாட்டினாள். படம் இருக்கிற பக்கத்தைச் சுவரைப் பார்த்து மாட்டினாள்.

இன்று சபையில் உன் கடிதம் முழுவதையும் வாசித்தேன். நாலு சனிக்கிழமையையும் வாசித்தேன், ஒரு வார்த்தை விடவில்லை. புது ஹாலில் ஃபேன் சத்தம்கூட இல்லை, நன்றாகக் குளிர்ந்திருந்தது. ஆயர் ஒரு நிமிஷம் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.  பணம் நின்றுவிடும் என்று நீ பயந்தாயே, நிற்காது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் கதிரேசன் சார் வந்தார். கண் சிவந்திருந்தது, உண்மையாகவே அழுதிருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வேதனையா இருக்கு சிஸ்டர், ராத்திரி தூக்கம் வராது எனக்கு" என்றார். அப்புறம், "தப்பா நினைக்காதீங்க, அறுப்பின் பண்டிகைக்குப் புதுப் பை அச்சுக்குக் கொடுக்கணும். இந்தப் படத்தை இனிமே போட முடியாது. வேற ஒரு பையன் போட்டோ தம்பியை அனுப்பச் சொல்லுங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கட்டும்" என்றார்.

அடிக்கலாம் என்று கை வந்தது. சரி என்றேன், ஜெரோம். ஒன்பது பேர் சாப்பிட வேண்டுமே, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நவம்பருக்குள் படத்தை அனுப்பு. யார் என்று நீயே பார்த்து முடிவு செய். பெயரை எனக்குச் சொல்லாதே. தமிழ் எழுத்து ஒன்றும் கற்றுக்கொடுக்காதே.

செருப்பு வாங்கி வந்துவிட்டது. மரக்கலர் தோல், நல்ல தையல். வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார்கள், நான் விடவில்லை. உன் அளவுக்கு வாங்கியதுதானே. சுண்டுவிரல் இடிக்கும் என்று தாம்பரத்தில் கொடுத்து அந்த ஓரத்தைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். தனியாகப் பார்சலில் வருகிறது. அதைப் போட்டுக்கொண்டு மாமரத்தடிக்கு ஒருமுறை போய் நின்றுவிட்டு வா. என்னால் அங்கே வர முடியாது.

பார்சல் வந்ததும், செருப்பு சரியாக இருக்கிறதா என்று அந்தச் சனிக்கிழமையே எழுது. ஒரு வார்த்தை போதும், தள்ளிப் போடாதே.

உன் அக்கா
ஷீலா